கையில் இருக்கும் புத்தகத்தைப் பற்றி ஐந்து நிமிடம்: வாசிப்பைப் பகிர்வோருக்கு ஒரு கையேடு

பத்துப் பேர் கூடி ஒரே நாவலை அலசுவது ஒரு வகைக் கூட்டம். ஒவ்வொருவரும் அந்த மாதம் படித்ததை, இப்போது படித்துக்கொண்டிருப்பதைக் கொண்டுவந்து சொல்வது வேறு வகை. இந்தக் கையேடு இரண்டாவது வகைக்கு. ஒரே புத்தகத்தை எல்லோரும் படித்திருந்தால் பேச்சு தானாகவே நடக்கும். இங்கே பேசுகிறவர் ஒருவர்தான் அந்தப் புத்தகத்தைத் திறந்தவர். மற்றவர்களுக்கு அது வெறும் அட்டை. அந்த அட்டைக்குள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போய், கதையை உடைக்காமல் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும். நன்றாகப் படிக்கத் தெரிந்த பலருக்கு இது வருவதில்லை. பழகினால் எவருக்கும் வரும்.

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931இல் நூலக அறிவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்துத் தந்தார். அதில் மூன்றாவது: ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். வாசிப்பைப் பகிர்கிறவருக்கும் இதுவே வேலை. புத்தகத்துக்கு மதிப்பெண் போட யாரும் உங்களை அழைக்கவில்லை. அறையில் இருக்கும் பன்னிரண்டு பேரில் அந்தப் புத்தகத்துக்குரிய ஒருவர் இருந்தால், அவர் ‘இது எனக்கு’ என்று கை நீட்டும்படி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பதினொரு பேர் ‘இது நமக்கில்லை’ என்று தெளிவாகத் தெரிந்துகொண்டாலும் நீங்கள் சரியாகத்தான் பேசியிருக்கிறீர்கள்.

படிக்கும்போதே தொடங்கும் வேலை

கூட்டத்துக்கு முந்தின இரவு உட்கார்ந்து யோசித்தால் கதைச் சுருக்கம் மட்டும்தான் நினைவுக்கு வரும். நிகழ்ச்சிகளின் வரிசையை மனம் பிடித்துவைத்துக்கொள்ளும். 60ஆம் பக்கத்தில் உங்களுக்கு வந்த சந்தேகத்தை அது வைத்துக்கொள்ளாது. ஆகவே குறிப்பு படிக்கும்போதே எழுதப்பட வேண்டும்.

80 பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று போதும். ஒரு புத்தகத்துக்கு எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டு. தொடங்கும் நாளன்றே இடப்பக்கத்தின் தலையில் இவற்றை எழுதிவிடுங்கள்: தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் பெயர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, மொத்தப் பக்கம், விலை, எங்கிருந்து வந்தது, தொடங்கிய தேதி. பதிப்பகமும் ஆண்டும் எதற்கு என்று பலர் கேட்பார்கள். தமிழில் நாட்டுடைமையாக்கப்பட்ட, அதாவது அரசு உரிமை வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கிய, எழுத்தாளர்களின் நூல்களைப் பல பதிப்பகங்கள் தனித்தனியே அச்சிடுகின்றன. ஒன்றில் 112ஆம் பக்கத்தில் வருவது இன்னொன்றில் 147இல் வரும். சில பதிப்புகளில் ஆசிரியரின் பழைய முன்னுரை இருக்காது. சில, சுருக்கப் பதிப்பாகவும் இருக்கும். நீங்கள் சொல்லிக் கேட்டவர் வேறு பதிப்பை வாங்கிவந்து ‘நீங்கள் சொன்ன இடமே இதில் இல்லையே’ என்பார். பக்க எண்ணோடு அத்தியாய எண்ணையும் குறித்துவைத்தால் இந்தச் சிக்கல் வராது. மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்கம் மாறும். அதில் அத்தியாயமும் சதவீதமும் எழுதுங்கள். ஒலிநூல் என்றால் மணி, நிமிடம்.

அதன் பிறகு ஒவ்வொரு முறை புத்தகத்தை மூடும்போதும் மூன்றே வரி. எந்தப் பக்கத்தில் நிறுத்தினேன். இன்று படித்ததில் நின்ற ஒன்று எது. இனி என்ன ஆகும் என்று நினைக்கிறேன் அல்லது எது புரியவில்லை. மூன்றாவது வரியைத் தவிர்க்கவே கூடாது. உங்கள் ஊகம் பொய்த்துப்போகும் இடத்தில்தான் அந்த ஆசிரியர் உங்களை எப்படி நடத்திச் சென்றார் என்பது தெரியும். கூட்டத்தில் சொல்ல அதைவிடச் சிறந்த விஷயம் கிடைக்காது. தேதியோடு எழுதியிருந்தால், பிற்பாடு தெரிந்துகொண்டதை முன்பே தெரிந்ததாக நினைத்துக்கொள்ளும் பிழையும் வராது.

புத்தகத்தில் குறி போடுவதற்கு எச்.பி. பென்சில்தான் சரி. 2பி பென்சிலின் கரி எதிர்ப் பக்கத்தில் அப்பிக்கொள்ளும். பால்பாயிண்ட் பேனா மெல்லிய தாளில் பின்பக்கம் தடம் காட்டும். பளிச்சென்று கோடிடும் மார்க்கர் ஊறி மறுபக்க எழுத்தைக் கெடுக்கும். வரிக்கு அடியில் கோடிடுவதைவிட ஓரத்தில் ஒரு சிறு நேர்கோடு போடுவது நல்லது. மீண்டும் படிக்கையில் கண் அந்த ஒரு வரியில் மட்டும் சிக்கிக்கொள்ளாது, வேண்டாம் என்றால் அழித்துவிடவும் எளிது. 200 பக்கப் புத்தகத்தில் பத்துக் குறிக்கு மேல் போனால், பிறகு எதைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்க முடியாமல் திணறுவீர்கள்.

நூலகப் புத்தகம், இரவல் புத்தகம் இரண்டிலும் எந்தக் குறியும் கூடாது. தாள்துண்டு வையுங்கள். தினசரி நாட்காட்டியில் கிழித்த தாளை நீளவாக்கில் மடித்து வைத்தாலே போதும். அதில் தேதி அச்சிட்டிருக்கும் என்பதால் என்றைக்கு அந்த இடத்தைப் படித்தீர்கள் என்பதும் கூடவே பதிவாகிவிடும். ஒட்டும் வண்ணத் துண்டுகளை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் பசை தாளில் இறங்கும். பக்க முனையை மடிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். பழுத்துப் பழுப்பேறிய பழைய தாளில் மடித்த முனை அப்படியே ஒடிந்து விழும்.

ஐந்து நிமிடத்தை எப்படிப் பிரிப்பது

ஐந்து நிமிடம் குறைவு என்று தோன்றும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருமுறை பேசிப் பாருங்கள், போதுமானதாகவே இருக்கும். முதல் அரை நிமிடம் புத்தகத்தின் அடையாளம்: தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், எத்தனை பக்கம், நான் எத்தனையாவது பக்கத்தில் இருக்கிறேன். அடுத்த ஒரு நிமிடம், இந்தப் புத்தகம் உங்களிடம் எப்படி வந்தது, எதை எதிர்பார்த்துத் திறந்தீர்கள். பிறகு இரண்டு நிமிடம் புத்தகத்திலிருந்து சத்தமாக வாசிப்பு. அடுத்த ஒரு நிமிடத்தில் அந்தப் பகுதி உங்களுக்குள் என்ன செய்தது என்று சொல்லுங்கள். கடைசி அரை நிமிடத்தில், யாருக்கு இது பிடிக்கும், யாருக்குப் பிடிக்காது.

நடுவில் இருக்கும் அந்த இரண்டு நிமிட வாசிப்பைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். அதை வெட்டவே கூடாது. மற்ற நான்கும் உங்கள் குரல். இது ஒன்றுதான் புத்தகத்தின் குரல். கேட்கிறவர் அந்த நடை தனக்கு ஒத்துவருமா என்பதை அரைப் பக்கத்தில் தெரிந்துகொள்வார். நீங்கள் பத்து நிமிடம் வர்ணித்தாலும் அது நடக்காது.

எந்தப் பகுதியை வாசிப்பது? முதல் பக்கம் வேண்டாம். கடையில் புரட்டுகிறவர் அதை எப்படியும் படிப்பார். உச்சக்கட்டமும் வேண்டாம்; அதை அடைவதற்கு முந்திய பக்கங்கள் இல்லாமல் அது வெறும் சத்தமாக ஒலிக்கும். ஒரே ஒரு வாக்கியத்தில் பின்னணி சொல்லிவிட்டு வாசிக்கக்கூடிய இடமாகப் பாருங்கள். டெம்மி அளவு, அதாவது வழக்கமான நாவல் அளவுப் புத்தகத்தில் முக்கால் பக்கம்தான் இரண்டு நிமிடத்தில் நிதானமாக வாசிக்க முடிகிற அளவு. எழுத்தின் அளவைப் பொறுத்து இது மாறும் என்பதால் வீட்டில் நேரம் பார்த்து இரண்டு முறை வாய்விட்டு வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கையில்தான் எங்கே மூச்சு விட வேண்டும் என்று தெரியும். வட்டார வழக்கில் உரையாடல் வந்தால், அது உங்கள் ஊர்ப் பேச்சாக இல்லாத பட்சத்தில் நடித்துக் காட்ட வேண்டாம். நாஞ்சில் பேச்சையோ யாழ்ப்பாணப் பேச்சையோ தெரியாதவர் இழுத்துப் பேசினால், அந்த ஊர்க்காரர் ஒருவர் அறையில் இருந்தால் அவருக்கு வலிக்கும், மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும், எழுதியவர் இரண்டையும் நினைத்து எழுதவில்லை. எழுத்தில் உள்ளபடி அமைதியாக வாசித்தாலே அந்தப் பேச்சு கேட்கும்.

கவிதைத் தொகுப்பு என்றால் ஒரே கவிதையை இரண்டு முறை வாசியுங்கள். இடையில் விளக்கம் சொல்லாதீர்கள். சிறுகதைத் தொகுப்பில் பன்னிரண்டு கதைகளையும் பட்டியலிடாமல் ஒன்றை மட்டும் எடுங்கள். கட்டுரை நூல், வரலாற்று நூல் என்றால் ஆசிரியர் சொல்லும் ஒரு வாதம், அதற்கு அவர் காட்டும் ஒரு சான்று, நீங்கள் ஏற்கத் தயங்கிய ஓர் இடம், இந்த மூன்றும் போதும். மொழிபெயர்ப்பு நூலில் தமிழ் சரளமாக ஓடும் ஒரு பத்தியையும் இடறும் ஒரு வாக்கியத்தையும் வாசித்துக் காட்டினால், வாங்கலாமா என்ற கேள்விக்கு அதுவே விடை.

கதைச் சுருக்கத்தில் விழாமல் இருக்க இரண்டு கட்டுப்பாடுகள் கைகொடுக்கும். புத்தகத்தின் முதல் மூன்றில் ஒரு பங்குக்கு அப்பால் நடப்பதைச் சொல்லக் கூடாது. மூன்று பாத்திரங்களின் பெயருக்கு மேல் உச்சரிக்கக் கூடாது. நான்காவது பெயர் வந்ததுமே கேட்கிறவர் யார் யாருக்கு என்ன உறவு என்று கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. துப்பறியும் நாவலுக்கு இன்னும் கடுமையான எல்லை வேண்டும்: குற்றம் நடந்தது வரை மட்டும். ‘கடைசியில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது’ என்று சொல்வதும் கதையை உடைப்பதுதான். கேட்டவர் முதல் பக்கத்திலிருந்தே அந்தத் திருப்பத்தைத் தேடிக்கொண்டு படிப்பார்.

தேய்ந்துபோன சொற்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘அருமையான நூல்’, ‘கீழே வைக்கவே முடியவில்லை’, ‘அனைவரும் அவசியம் வாசிக்க வேண்டும்’ ஆகிய மூன்றும் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். ஆகவே எந்தப் புத்தகத்தைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. இவை வாயில் வரும்போது உங்களையே ஒரு கேள்வி கேளுங்கள். அருமை என்றால் எந்தப் பக்கத்தில்? கீழே வைக்க முடியவில்லை என்றால் எத்தனை மணி வரை விழித்திருந்தீர்கள், எந்த அத்தியாய முடிவு உங்களை அடுத்ததற்குத் தள்ளியது? அனைவரும் என்றால் இந்த அறையில் குறிப்பாக யார்?

மாதிரிக்கு ஒன்று. ‘கிராமத்து வாழ்க்கையை உயிரோட்டமாகச் சித்திரித்த நாவல்’ என்று சொல்ல வந்தவர் நோட்டைப் பார்த்து இப்படி மாற்றிக்கொள்ளலாம்: ‘240 பக்கத்தில் 84இல் இருக்கிறேன். தாய் இறந்த செய்தி வருகிறது. மகன் அழவில்லை, முதலில் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிறான். அவன் கல்நெஞ்சன் என்று அன்றைக்கு நோட்டில் எழுதிவைத்தேன். பத்துப் பக்கம் கழித்து அதை அடித்தேன். ஏன் அடித்தேன் என்பதை நீங்களே படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.’ அரை நிமிடம்கூட ஆகாது. புத்தகத்தைக் கேட்டு வாங்க யாராவது வருவார்கள்.

பாதியில் இருக்கும் புத்தகம்

முடித்த புத்தகத்தைப் பற்றித்தான் பேச வேண்டும் என்று பலர் நினைத்து, ‘இந்த மாதம் எதுவும் முடிக்கவில்லை’ என்று வராமலே இருந்துவிடுகிறார்கள். உண்மையில் பாதியில் இருப்பவரின் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம். முடித்தவர் தீர்ப்புச் சொல்வார். பாதியில் இருப்பவர் கேள்வியோடு இருப்பார். கேள்வியோடு இருப்பவரிடம் மற்றவர்களும் பேச வருவார்கள்.

பாதியில் இருப்பதில் மூன்று நிலை உண்டு. ஓடிக்கொண்டிருப்பது, நின்றுபோனது, கைவிட்டது. எந்த நிலை என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் புத்தகம் என்றால் உங்கள் ஊகத்தைச் சொல்லுங்கள். அந்தப் புத்தகத்தை ஏற்கெனவே படித்தவர் அறையில் இருக்கலாம். அவருக்கு ஒரே விதி. ஊகம் சரியா தவறா என்று வாயாலும் சொல்லக் கூடாது, முகத்தாலும் சொல்லக் கூடாது. அவரிடம் கேட்கக்கூடிய ஒரே கேள்வி ‘தொடரலாமா?’ அதற்கு அவர் ‘எட்டாம் அத்தியாயம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள், அதன் பிறகு வேகம் கூடும்’ என்பது போல, பொறுமையைப் பற்றி மட்டும் பதில் சொல்லலாம்.

நின்றுபோன புத்தகத்துக்குக் காரணம் தேட வேண்டும். பெரும்பாலும் குறை புத்தகத்தில் இருக்காது. பாத்திரங்களின் பெயர் குழம்புவது மிகச் சாதாரணமான காரணம். ரஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்பில் ஒரே ஆளைக் குடும்பப் பெயராலும், தந்தை பெயர் சேர்த்தும், செல்லப் பெயராலும் அழைப்பார்கள். மூன்று பேர் என்று நினைத்துப் படித்தவர் 70ஆம் பக்கத்தில் நின்றுவிடுவார். அஞ்சலட்டை அளவுத் தாளில் பெயர்களையும் உறவையும் எழுதி அட்டைக்குள் வைத்துக்கொண்டால் அதே புத்தகம் நகரும். எழுத்து மிகச் சிறியதாக இருப்பது இன்னொரு காரணம். மலிவுப் பதிப்பில் இது அதிகம். வேலை முடிந்து இரவு பதினொரு மணிக்கு, கனமான தத்துவ நூலை எடுப்பது மூன்றாவது. அதைக் காலை நேரத்துக்கு மாற்றி, இரவுக்குச் சிறுகதை வைத்துக்கொள்ளலாம். தமிழில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாவலுக்கு முன்னால் வரும் அணிந்துரைகள் சில நேரம் முழுக் கதையையும் சொல்லிவிடுகின்றன. அதைப் படித்தவருக்கு நாவலைத் தொடர ஆவல் குறைவது இயல்பு. அணிந்துரையைக் கடைசியில் படிக்கும் வழக்கத்தை எல்லோருக்கும் சொல்லுங்கள்.

கைவிட்ட புத்தகத்தைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். ஐம்பது பக்கம் கொடுத்துப் பார்த்து, பிடி கிடைக்கவில்லை என்றால் வைத்துவிடலாம். 120 பக்கக் குறுநாவலுக்கு இருபது பக்கம் போதும். ஆனால் ஐம்பது பக்கம் படித்தவர் ஐம்பது பக்கத்துக்குத்தான் பேச வேண்டும். ‘மோசமான நாவல்’ என்று சொல்ல அவருக்கு உரிமை இல்லை. ‘52ஆம் பக்கத்தில் நிறுத்தினேன், வர்ணனை மூன்று பக்கம் நீண்டது, எனக்குப் பொறுமை இல்லை’ என்றால் நியாயம். அதே வர்ணனைக்காக அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப்போகிறவர் அறையில் இருப்பார். ரங்கநாதனின் மூன்றாவது விதி வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால், கைவிட்ட புத்தகங்களை மேசையில் வைத்துப் பாருங்கள்.

ஒரே நேரத்தில் நான்கு புத்தகம் படிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் பெயர் மட்டும் சொல்லி உட்கார வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

கூட்டத்தை நடத்துகிறவருக்கு

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் என்பது நல்ல அளவு. கணக்கு எளிது: பன்னிரண்டு பேருக்கு ஐந்து நிமிடம் வீதம் ஒரு மணி நேரம், ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடக் கேள்வி என்றால் 36 நிமிடம், நடுவில் தேநீருக்குப் பதினைந்து நிமிடம். இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பதினைந்து பேருக்கு மேல் வரத் தொடங்கினால் இரண்டு வட்டமாகப் பிரித்துவிடுங்கள். நேரத்தைக் குறைத்து ஆளுக்கு மூன்று நிமிடம் என்று ஆக்கினால் முதலில் காணாமல்போவது அந்த இரண்டு நிமிட வாசிப்புதான்.

இடத்துக்கு முதலில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தைக் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பொது நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் என்ற அமைப்பு ஏற்கெனவே உண்டு. நூலகரை நேரில் பார்த்து, வார விடுமுறை எந்த நாள், மாலையில் எத்தனை மணி வரை அறை கிடைக்கும் என்று கேட்டு, மாதத்தில் ஒரு நாளை நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது ஞாயிறு என்பது போல. தேதி மாறிக்கொண்டே இருந்தால் நான்காவது மாதம் பாதிப் பேர் வர மாட்டார்கள். நூலகம் கிடைக்காவிட்டால் பள்ளி வகுப்பறை, மொட்டை மாடி, பூங்கா எதுவும் சரி. நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். மேடை, ஒலிபெருக்கி இரண்டும் வேண்டாம். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினால் மெல்லிய குரலில் பேசுகிறவர் சொல்வது நான்கு நாற்காலி தாண்டிக் கேட்காது; அவர் முறை வரும்போது வேகத்தைக் குறையுங்கள்.

தமிழ்ச் சூழலில் எந்தக் கூட்டமும் தானாகவே விழாவாக மாறிவிடும். வரவேற்புரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை, நன்றியுரை என்று நாற்பது நிமிடம் போய்விடும். முதல் கூட்டத்திலேயே இவை எதுவும் கிடையாது என்று சொல்லிவிடுங்கள். பொன்னாடைக்கு ஆகும் காசில் ஒரு புத்தகம் வாங்கி வட்டத்தில் சுற்றுக்கு விடலாம்.

நேரம் பார்க்க ஒருவரை நியமித்து அவர் கையில் இரண்டு அட்டை கொடுங்கள். நான்காவது நிமிடத்தில் மஞ்சள், ஐந்தாவதில் சிவப்பு. வாயால் சொல்ல வேண்டாம். வயதில் பெரியவர் உணர்ச்சியோடு பேசிக்கொண்டிருக்கும்போது ‘சார், நேரமாச்சு’ என்று இளையவர் சொல்வது இருவருக்குமே சங்கடம். அட்டை எல்லோருக்கும் ஒரேபோல உயர்வதால் அதில் மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. நடத்துகிறவர் தன் முறையில் சிவப்பு அட்டை வந்ததும் வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்திக் காட்டினால் அந்தப் பழக்கம் உறுதிப்படும்.

யார் எப்போது பேசுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யலாம். புதிதாக வந்தவரை மட்டும் மூன்றாவது அல்லது நான்காவது இடத்தில் வையுங்கள். முதலில் பேசச் சொன்னால் முறை தெரியாது. கடைசியில் என்றால் பதற்றம் ஏறிக்கொண்டே போகும். ஒருவர் பேசி முடித்ததும் அமைதி விழுந்தால் நடத்துகிறவர் கையில் இரண்டு கேள்வி எப்போதும் தயாராக இருக்க வேண்டும். ‘எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தீர்கள்?’, ‘இதை யாரிடம் கொடுக்க நினைக்கிறீர்கள்?’ இரண்டுக்கும் ஆம், இல்லை என்று பதில் சொல்லித் தப்ப முடியாது. கேள்வி கேட்பதாகத் தொடங்கித் தன் கருத்தை நான்கு நிமிடம் சொல்பவர் எல்லா வட்டத்திலும் ஒருவர் இருப்பார். மூன்று நிமிடக் கேள்வி நேரத்துக்கும் அதே அட்டைகளைப் பயன்படுத்துங்கள்.

எழுதுகிறவர்களும் இத்தகைய வட்டத்துக்கு வருவார்கள். வட்டத்தில் இருக்கும் ஒருவரின் நூலை இந்தச் சுற்றில் எடுக்கக் கூடாது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு குறை சொல்ல யாருக்கும் மனம் வராது, பாராட்டு மட்டும் குவியும். அடுத்த மாதம் எல்லா நூலுக்கும் அதே பாராட்டுத் தொனி தொற்றிக்கொள்ளும். அவர் நூலுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு ஒரு தனி எச்சரிக்கை. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் முடியும். பத்து சதவீதக் கழிவில் பை நிறைய வாங்கிய மகிழ்ச்சியோடு எல்லோரும் வருவார்கள், வாங்கியதைக் காட்டிப் பின்னட்டையை வாசிப்பார்கள். ஆகஸ்டில் ஈரோட்டுப் புத்தகத் திருவிழா முடிந்ததும் கொங்குப் பக்கத்து வட்டங்களில் இதே நிலைதான். அந்த ஆர்வம் நல்லதுதான், அதற்கு மேசை ஒன்றைப் போட்டுத் தேநீர் நேரத்தில் புரட்டிப் பார்க்க விடுங்கள். ஐந்து நிமிடம் மட்டும், குறைந்தது முப்பது பக்கமாவது படித்த புத்தகத்துக்கே.

ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லப்பட்ட நூல்களை நீள நோட்டில் பதிவு செய்யுங்கள். டிசம்பரில் அதைப் பார்த்து, யார் சொன்னதை யார் படித்தார் என்று எதிரே குறித்தால், ஜனவரிக் காட்சிக்குப் போகிறவர்களுக்கு வாங்கவேண்டிய பட்டியல் தயார்.

கைபேசிக் குழுவில்

கூட்டங்களுக்கு இடையே வாட்ஸப் குழு உதவும், கட்டுப்பாடு இருந்தால். ஒரு புத்தகத்துக்கு ஒரு பதிவு. முதல் வரியில் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பக்கம். அதன் கீழே நூறு சொல்லுக்குள் செய்தி. எல்லாப் பதிவும் ‘படிப்பு:’ என்ற ஒரே சொல்லில் தொடங்கினால் ஆறு மாதம் கழித்தும் தேடி எடுக்கலாம். ஆசிரியர் பெயரைச் சுருக்கி எழுதாமல் முழுதாக எழுதுங்கள், இல்லாவிட்டால் தேடலில் அகப்படாது. குரல் பதிவு என்றால் இரண்டு நிமிடம். காலை வணக்கப் படங்களும் முன்னனுப்பிய செய்திகளும் வந்தால் புத்தகப் பதிவுகள் அடியில் புதைந்துவிடும், அதனால் அவை கூடவே கூடாது.

பி.டி.எஃப். கோப்பு கேட்பதும் அனுப்புவதும் எல்லாக் குழுவிலும் முளைக்கும். இந்தியாவில் பதிப்புரிமை ஆசிரியரின் ஆயுளுக்கும் அதன் பிறகு 60 ஆண்டுகளுக்கும் உண்டு. சில நூறு பிரதிகளே அச்சிடும் தமிழ்ப் பதிப்பகத்துக்கு, ஐம்பது பேர் உள்ள குழுவில் ஒரு கோப்பு சுற்றுவது உண்மையான இழப்பு. இதைக் கண்டிப்போடு தடுங்கள். இலவசமாகப் படிக்க வேண்டியவர்களுக்கு நேர்மையான வழிகள் இருக்கின்றன: 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம். நாட்டுடைமையான நூல்களையும் பழைய நூல்களையும் அங்கே இருந்து எடுத்துப் பகிரலாம். விமர்சனத்துக்காக ஒரு பத்தியை மேற்கோள் காட்டுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. முழு அத்தியாயத்தைப் படம் பிடித்துப் போடுவது அதில் வராது.

இரவல்

நல்ல பகிர்வு இரவலில்தான் போய் முடியும். இரவலில் நட்பு முறியாமல் இருக்க ஒரு தனி நோட்டு வேண்டும். தேதி, தலைப்பு, கொடுத்தவர், வாங்கியவர், திரும்ப வேண்டிய நாள் என்று ஐந்து பத்தி. திரும்ப வேண்டிய நாள் எப்போதும் அடுத்த கூட்ட நாள்தான். முடிக்கவில்லை என்றாலும் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டி, நோட்டில் தேதியை நீட்டித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குப் போய்க் கேட்க வேண்டிய தேவையே இருக்காது. நூலக அட்டையில் எடுத்த புத்தகத்தை மூன்றாவது ஆளுக்குக் கொடுக்க வேண்டாம். தொலைந்தால் அட்டைக்காரர்தான் பணம் கட்ட வேண்டும்.

கொடுப்பதற்கு முன் புத்தகத்தின் நிலையை இருவரும் சேர்ந்து பாருங்கள்: தையல் விட்டிருக்கிறதா, கழன்ற பக்கம் உண்டா. கழன்ற பக்கத்தை செலோடேப் போட்டு ஒட்டக் கூடாது, சில வருடங்களில் அது மஞ்சளாகிக் காய்ந்து எழுத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். மைதாப் பசையை முதுகுப்பக்க ஓரத்தில் மெல்லிய கோடாகத் தடவி, மேலே பாரம் வைத்து ஒரு நாள் காயவிட்டால் போதும். பசை அதிகமானால் கரப்பானும் வெள்ளிப் பூச்சியும் தேடி வரும். பழுப்புத் தாளில் அட்டை போட்டுக் கொடுத்தால் மூலை நசுங்காது. அந்தத் தாளின் உட்புறத்தில் பென்சிலால், வாங்கிப் படித்தவர் ஒவ்வொருவரும் தன் பெயரையும் மாதத்தையும் எழுதட்டும்.

திருப்பித் தருகிறவரிடம், தான் நிறுத்திய இடங்களில் வைத்த நாட்காட்டித் துண்டுகளை எடுக்காமலே கொடுக்கச் சொல்லுங்கள். அடுத்து வாங்குகிறவர் 52ஆம் பக்கத்தில் ஒரு தேதியைப் பார்ப்பார். அடுத்த துண்டின் தேதி இரண்டு வாரம் தள்ளி இருந்தால், அங்கே ஒருவர் நின்றார், பிறகு தொடர்ந்தார் என்று அவருக்குத் தெரியும். அடுத்த கூட்டத்தில் கேட்க அவருக்கு ஒரு கேள்வியும் கிடைத்துவிடும்.